இரண்டு நூல்

மல்லாவியில் வெட்டு முடிந்தது.
விடியமுன் மெசின்
முரசுமோட்டை வயலில் நிற்கவேணும்.
லொறிப் பக்கவாட்டில் நான் செய்து பூட்டிய
படுக்கைப் பெட்டி
உள்ளே போகமாட்டன் என்கிறது.
முக்கால்வாசி போகும்,
பிறகு மேல்மூலை சட்டத்தில் உரஞ்சி
பன்றி மாதிரி ஒரு கத்து.

"அராவி விடு" என்றான் கஜரூபன்.
சொன்ன கையோடு அதற்குள்ளேயே ஏறிப் படுத்தான்.
அராவினேன்.
பெயின்ற் போனது, பலகை போனது,
கத்து போகவில்லை.

மூலைக்கு மூலை ரேப் பிடித்தால்
பெட்டி சரி.
வாசலைப் பிடித்தால்
இரண்டு நூல் கோணல்.
முந்தநாள் இல்லாத கோணல்.

ரியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தேன்.
பின்சில்லு ஒன்று
வரம்போரச் சேற்றில் நாலு விரல் தாழ்ந்திருந்தது.
முழு லொறியும் முறுகி நிற்க
நான் பெட்டியோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

ஜாக்கி அடித்துப் பாலைக் குற்றி வைக்க
ஒரு நூல் மீண்டது.
மற்ற நூல் என்னுடையது.
போன மாரி, இருட்டில், அவசரமாய்ப்
பூட்டிய தண்டவாளம்.
நட்டை இளக்கி
மீன்ரின் மூடியை இரண்டாய் மடித்து
அடியில் செருகி இறுக்கினேன்.
மேலே இப்போது ஒரு பீடி போய்வரும் இடம்.
இன்னும் நெருக்கலாம்தான்.
மழைக்குப் பலகை ஊதும். விட்டுவிட்டேன்.

ஆளோடு சேர்த்துத் தள்ளினேன்.
சத்தமில்லை.
அராவிய மூலை மட்டும்
வெள்ளையாய்,
தேவையில்லாமல்.

உள்ளே இருட்டுக்குள் இருந்து கஜரூபன்:
"முரசுமோட்டை வந்திட்டுதோ?"