நீறு பூத்த சிவப்பு

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கறுப்பாக்கினேன்.
ஸ்பிரே டப்பா ஒன்று, மூன்று பூச்சு,
பூச்சுக்குப் பூச்சு ஒரு குவளை மாத்தே.
பழைய நிஸ்ஸான் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டது.
நானும்தான், ஒருவகையில்:
நாற்பத்தாறு வயது,
மனைவி கிளம்பிப்போய் எட்டு மாதம்.

புந்தா அரேனாஸில் அது ஜூன்.
காலை பத்துக்கு விடிந்து
மாலை ஐந்தரைக்குக் கடையைக் கட்டிவிடுகிற சூரியன்.
அந்த ஊரில், அந்த மாதத்தில்,
விளக்கை இருட்டாக்கலாம் என்று
ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது.

வாகனப் பரிசோதனையில்
மூக்கு ஒழுகிய ஒரு பையன் பின்னால் போய் நின்று
"பிரேக்கை மிதியுங்கள்" என்றான்.
மிதித்தேன்.
"மிதியுங்கள், சார்."
மிதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

காகிதத்தில் விழுந்த முத்திரை மட்டும்
நல்ல சிவப்பு.

என்றாலும் அதற்காக நான் துடைக்க உட்காரவில்லை.
மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன்.
பிறகு ஒருநாள் கடை வரிசையில்
எனக்குப் பின்னால் யஸ்னா மாருசிச்,
மீன் ஆலையின் இரவு பஸ் ஓட்டுபவள்.
"செவ்வாய்க்கிழமை, விமான நிலையச் சாலை,
பஸ்ஸில் இருபத்தேழு பேர், பாதிப்பேர் தூக்கத்தில்.
உன் காரை நான் பார்க்கவில்லை, நிகானோர்.
என் கால் பார்த்தது."
அவ்வளவுதான்.
வெங்காய விலையைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் அசிட்டோன் வாங்கினேன்.
அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது;
என் கை நேரே இடது விளக்குக்குப் போனது.
கீழ் மூலையில் ஒரே இழுப்பு.
கறுப்பு போனது,
கூடவே பிளாஸ்டிக்கின் பார்வையும்.
திரிந்த பாலாய் ஒரு திட்டு, அதற்குள்
மயிரிழை மயிரிழையாய் வெடிப்பு.
போன உயிர் அது. திரும்பாது.

மறுநாள் இரண்டு விளக்கையும் கழற்றி
சமையலறைத் தொட்டியில் இறக்கினேன்.
வெந்நீர், சோப்பு, ஈரமான உப்புத்தாள்.
எண்ணூறு,
ஆயிரத்து ஐந்நூறு,
இரண்டாயிரம்.
எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும்,
கை அதைவிட மென்மையாக வேண்டும்.
எனக்கு அது வராது. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.
ஒருத்தி சொல்லிவிட்டே போனாள்.

நீர் முதலில் மையாக ஓடியது,
அப்புறம் கடுந்தேநீராக.
அப்புறம் ஓரத்தில் ஒரு ரோஜா நிறம்.
நிறுத்தினேன்.
அது என் கறுப்பு இல்லை,
விளக்கின் சொந்தச் சதை.

துடைத்துத் தூக்கிப் பார்த்தால்
இரண்டும் புரை விழுந்த கண்கள்.
கெடுத்தே விட்டேன் என்று
அடுப்பருகே அரைமணி நேரம் சும்மா இருந்தேன்.
பிறகு பாலிஷ் பசை, பழைய பைஜாமாத் துண்டு,
சின்னச் சின்ன வட்டம்.
எத்தனையாவது வட்டத்தில் என்று தெரியாது,
என் கட்டைவிரல் ரேகை
மறுபக்கத்திலிருந்து சிவப்பாகத் தெரிந்தது.

மாட்டியாயிற்று. சரி, யார் பார்த்துச் சொல்வது?
தன் பிரேக் விளக்கைத் தானே பார்க்கிற வசதியை
எந்தக் கம்பெனியும் வைக்கவில்லை.
துடைப்பக்கட்டையை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே
முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

வேலியோரப் பனிக்குவியல் முழுக்கச் சிவப்பு.
எதிர்வீட்டு வெள்ளை நாய்
சிவந்துபோய் என்னைப் பார்த்தது.
இடது கீழ்மூலையில் மட்டும்
விரலளவு பால்.

அந்நேரம் தெருமுனையில் பஸ் திரும்பியது.
வெகுதூரத்திலேயே வேகம் தளர்ந்தது,
நின்றுகொண்டிருக்கும் ஒரு காருக்காக.
உள்ளே அவள் திட்டியிருப்பாள்.
நான் பனியில் நின்று கையசைத்தேன்,
பஸ் போய் வெகுநேரம் கழித்தும்.

அந்தச் சந்தோஷத்தில்
துடைப்பக்கட்டையை எடுக்க மறந்துபோனேன்.
பத்து மணிக்கு விடிந்தபோது
பேட்டரி செத்துக் கிடந்தது.