மோசம் பத்தாயிரம்

மூன்று வருஷமாக அப்டேட் போடவில்லை.
ஓடுகிற வண்டியின் பானெட்டை யார் திறப்பது?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப்பக்கம்
இரண்டாம் மாடி, ஒற்றை ஜன்னல்.
லினக்ஸ், டெக் லைவ்,
ழகரம் தேய்ந்துபோன ஒரு லேப்டாப்.
பகலில் கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ்.
ராத்திரியில் ஆய்வேடுகள்.

ரெஹானாவின் ஆய்வேடு
எண்ணூர்க் கழிமுகத்துச் சாம்பலைப் பற்றியது.
இருநூற்றுப் பதினேழு பக்கம்,
திங்கட்கிழமை பத்து மணிக்குக் கொடுத்தாக வேண்டும்.
ஒரேயொரு வேதிச் சமன்பாடு வரமாட்டேன் என்றது.
இந்தப் பேக்கேஜுக்கு நீ ரொம்பப் பழசு
என்று முகத்துக்கு நேராகச் சொன்னது டெர்மினல்.

சனி இரவு பதினொன்றே கால்.
சரி என்று அழுத்தினேன்.

ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பேக்கேஜுகள்
தண்ணி லாரிக்கு முன்னால் குடங்கள் மாதிரி
நம்பர் சொல்லிக்கொண்டு நகர்ந்தன.
எனக்குத் தேவை ஏழோ எட்டோ.
மங்கோலிய எழுத்துக்கு ஒன்று வந்தது,
சதுரங்கக் கட்டம் வரைய ஒன்று.
ஒருநாளும் கூப்பிடப்போவதில்லை. இருக்கட்டும்.

அறுநூற்றுப் பன்னிரண்டில் கரண்ட் போனது.
மோடம் செத்தது. லேப்டாப் மட்டும் விழித்திருந்தது,
பாதி புதுசு, பாதி பழசு,
எந்தப் பக்கமும் சேராமல்.
கீழ்வீட்டுக் கஜபதி டார்ச்சை மேலே அடித்து
"இன்னாக்கா, உனுக்கும் பூட்ச்சா?" என்றான்.
கூட்ஸ் ஒன்று கடந்தது. ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணி முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

விட்ட இடத்திலிருந்து தொடர் என்றேன்.
தொடர்ந்தது.
எனக்குத் தெரிந்து இந்த ஏரியாவில்
சொன்னதும் தொடர்ந்த வேலை அது ஒன்றுதான்.

மூன்று மணிக்கு ஓட்டிப் பார்த்தேன்.
சமன்பாடு வந்தது, அம்புக்குறியோடு, அழகாக.
வரிகள்தான் கெட்டிருந்தன.
சிலது ஓரத்தைத் தாண்டி
ஷேர் ஆட்டோவில் தொங்கும் கால்களாக நீட்டின.
சிலதில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு சந்து.
மோசம்: பத்தாயிரம் என்றது.
மோசம்: பத்தாயிரம்.
மோசம்: பத்தாயிரம்.
அதற்கு மேல் எண்ணத் தெரியாதாம் அதற்கு.

அப்டேட்டைத் திட்டினேன்.
முகம் தெரியாத யாரையோ திட்டினேன்.
அப்புறம்தான் என் கோப்பைப் பார்த்தேன்.

பழைய பதிப்பில் ஒரு கெட்ட பழக்கம்.
'கொ' வரிக் கடைசியில் வந்தால்
கொம்பை அங்கேயே விட்டுவிட்டு
ககரமும் காலும் அடுத்த வரிக்குப் போய்விடும்.
கொசஸ்தலை என்று வந்த இடமெல்லாம்
ஆறு ஒடிந்தது.
உடையாதே, உடையாதே என்று நான்தான்
ஒவ்வொன்றையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன்.
கொதிகலன், கொள்ளளவு, தொழிற்சாலை, எல்லாம்.
அப்போதிருந்த எழுத்தின் அகலத்துக்கு
வரிவரியாக அளந்து.

இப்போது எழுத்து ஒரு மயிரிழை அகன்றிருக்கிறது.
கொம்பையும் யாரோ சரிசெய்துவிட்டார்கள்.
மாற்றக் குறிப்பில் அதற்கு அரை வரி.
எந்த ஊரோ, அங்கே மணி என்னவோ,
சாப்பிட்டாரோ இல்லையோ.
புண் ஆறிவிட்டது. என் கட்டுதான் இறுக்குகிறது.

போன ஆடியில் தெருவுக்குப் புது ரோடு போட்டார்கள்,
பழசைச் சுரண்டாமல் மேலேயே ஒரு சாண்.
ரோடு புதுசாச்சு, கஜபதி வாசல் பள்ளமாச்சு.
மழைக்கு முன்னால் செங்கல் அடுக்கிப் படி உயர்த்தினான்.
என்றைக்காவது ஒழுங்காகச் சுரண்டிப் போட்டால்
அந்தப் படியில்தான் இடறுவான்.

ஞாயிறு முழுக்கப் பெட்டிகளைத் திறந்தேன்.
ஒரே கட்டளையில் முடித்திருக்கலாம்.
நான் போட்ட முடிச்சு,
கையாலேயே அவிழ்த்தேன்.
ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க
வரி உள்ளே போய் உட்கார்ந்தது.
சாம்பல் அட்டவணை முழுசாக ஒரே பக்கத்தில்.
ஆறு எங்கேயும் ஒடியவில்லை.
இருநூற்றுப் பதினேழு, இருநூற்றுப் பதினாலானது.

ரெஹானாவுக்கு அனுப்பினேன்.
"மூணு பக்கம் காணோமே, எதை எடுத்தீங்க?"
என்னுடையதை, என்று அடித்தேன்.
அழித்தேன்.
"ஒண்ணும் எடுக்கலை. கொசஸ்தலையை மட்டும்
ஒருதடவை பாருங்க."