படத்துக்குப் பேட்டா கிடையாது

நூற்றுப் பன்னிரண்டாம் எபிசோடில்
லாரி மோதிச் செத்தேன்.
லாரி வரவில்லை.
லைட்மேன் ஒருவர் இரண்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு
என்னை நோக்கி ஓடிவந்தார்,
அவ்வளவுதான் சாவு.

அன்றைக்கே கணக்கை முடித்தார்கள்.
வாய்ப்புக் கேட்டு அனுப்ப
வடசேரி ஸ்டுடியோவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி
சந்தன மாலை போட்டு
ஹால் செட்டில் மாட்டினார்கள்.
அதில் நான் போட்டிருக்கும் சட்டை
சித்தப்பா மகனுடையது.

இப்போது இருநூற்று நாற்பது தாண்டியாச்சு.
படம் இன்னும் நடிக்கிறது.
மனைவியாக வருகிறவள் அதன் முன்னால் அழுகிறாள்.
மாமியார் அதன் முன்னால் நின்றுதான்
பாலில் எதையோ கலக்கிறாள்.
என்னைவிட நன்றாகவே நடிக்கிறது,
கண் சிமிட்டுவதில்லை.
மேனேஜரிடம் போனில் கேட்டேன்.
"படத்துக்குப் பேட்டா கிடையாது தம்பி" என்றார்,
கோபமே இல்லாமல்.

குளச்சலில் அம்மா
எட்டரைக்கு எழும்பி அடுக்களைக்குப் போய்விடுவாள்.
சுவர் மாறியதும் தங்கச்சி குரல் கொடுப்பாள்:
"படம் போயாச்சும்மா, வா."

மார்த்தாண்டம் பஸ்ஸில் ஒரு அக்கா
உற்று உற்றுப் பார்த்தாள்.
"நீ செத்தவன்லா?"
ஆமா என்றேன்.
"இரி மக்கா" என்று
மரச்சீனிப் பையை மடியில் எடுத்து
இடம் விட்டாள்.

உயிரோடிருந்த நூற்றுப் பதினோரு நாளும்
பேசியது நானில்லை.
என் பேச்சில் இழுப்பு இருக்கிறதாம்.
வாயை மட்டும் அசைத்தேன்.
சாலிகிராமத்தில் யாரோ ஒரு அண்ணன்
என் கல்யாணத்தில் சம்மதம் சொன்னார்,
என் அப்பாவை எதிர்த்துக் கத்தினார்,
என் சாவில் முனகினார்.
அவரை நான் பார்த்ததில்லை.

தவக்காலத்தில் கல்யாணம் இல்லை,
விஜினின் கேமரா சும்மா கிடந்தது.
அப்படித்தான் அபிஷா படம் எடுத்தாள்.
குலசேகரத்துக்காரி,
பகலில் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள்.
பதினெட்டு நிமிடம், நான்கு ராத்திரி,
சம்பளம் பரோட்டா.

ஐஸ் பிளாண்ட் முதலாளி ஒரே நிபந்தனை சொன்னார்:
"இருவது கட்டி ஒடச்சித் தந்துட்டு
என்ன வேணும்னாலும் எடுங்க."
உடைத்தேன்.
அதில் பதினாலாவது கட்டிதான் படத்தில் இருக்கிறது.
அதற்குள் விரல்களுக்கு
நடிப்பு மறந்துபோயிருந்தது.

வசனம் ஒன்றே ஒன்று.
விடியற்காலை வீட்டுக்கு வருகிறவன்
வெளியே நின்று சொல்வது:
"யம்மா, கதவத் தொற."

பதினோரு டேக்.
மூன்றில் முகத்தை மெல்லத் திருப்பி
இடிச் சத்தத்துக்குக் காத்து நின்றேன்.
அபிஷா சிரிக்கவில்லை.
"கதவுக்குப் பின்னால ஒங்கம்மா இருக்கா.
கேமரால இல்ல" என்றாள்.

ஈஸ்டர் முடிந்து கோயில் அரங்கில் போட்டோம்.
முப்பத்தெட்டு நாற்காலி.
ஃபேனை நிறுத்தினால் வேர்க்கும்,
ஓடினால் வசனம் கேட்காது.
நிறுத்தச் சொன்னது
மூன்றாம் வரிசையிலிருந்த அம்மாதான்.

"யம்மா, கதவத் தொற."

அவள் பாதி எழும்பிவிட்டாள்.
பிறகு சேலையைச் சரிசெய்வதுபோல் செய்து
உட்கார்ந்தாள்.

வெளியே வந்து சொன்னது இவ்வளவுதான்:
"ஐஸ அப்பிடி ஒடைக்கப்பிடாது. கை போவும்."

திங்கட்கிழமை சென்னையிலிருந்து அழைப்பு.
செத்தவனுக்கு ஒரு இரட்டைத் தம்பியாம்,
சிங்கப்பூரில் இருந்தானாம், தாடியாம்.
"டப்பிங் பழைய ஆள்தான்,
அத நெனச்சி நீ கவலப்படாதே" என்றார் மேனேஜர்.
முன்பணம் எவ்வளவு என்று கேட்டேன்.
தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட
ஒன்பது நாள்தான் இருந்தது.

முதல் நாள், முதல் ஷாட்:
அண்ணன் படத்தின் முன்னால் நின்று
நான் அழ வேண்டும்.
வாயை அசைத்தேன்.
யாரோ கிளிசரின் நீட்டினார்கள்.
மாலையில் தூசி.
கண்ணாடிக்கு உள்ளே அந்தச் சட்டை.
இன்னும் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.