யார் பேருக்கு

ஃபுர்னாஸ் ஏரிக்கரையில்
மண் கொதிக்கிறது.
குழிக்குள் பானையை இறக்கியவன்
பலகையும் சுண்ணக்கட்டியுமாய் நிமிர்ந்து
"யார் பேருக்கு?" என்றான்.

"மெதெய்ரோஸ்."
மூன்று வருஷமாய் நான் எழுதாத
உன் குடும்பப் பெயர்
வாய்தவறி வந்துவிட்டது.
நீ ஏரியைப் பார்த்தாய்,
அதில் ஏதோ பிரமாதமான வாத்து இருப்பதுபோல்.

வெந்து முடிய ஆறு மணி நேரம்.
விடுமுறை வீட்டை விற்கும் பத்திரம்
திங்கட்கிழமை.
அதுவரை பேச நம்மிடம்
கூரை ஒழுகல், தரகர் கூலி,
உன் அக்காள் ஃபிலோமெனாவின் முழங்கால்.
எல்லாம் பதினோரு மணிக்கே தீர்ந்துபோயின.

பிறகு மழை.
ஒரே குடை, உன்னுடையது.
என் பக்கமே சாய்த்துப் பிடித்தாய்;
உன் இடத்தோள் நனைந்துகொண்டே இருந்தது.
அந்தத் தோளைத்தான், வால்டெமார்,
லிஸ்பன் அறையில் தனியே கிடந்து
எத்தனை இரவு திட்டியிருக்கிறேன்.

தோண்டி எடுத்த பானையில்
முட்டைக்கோசுக்கும் கந்தக வாசம்.
என் தட்டிலிருந்த கொழுப்புத் துண்டுகளை
கேட்காமலே எடுத்துக்கொண்டாய்.
முன்பெல்லாம் இதற்கு
ஒரு வாரம் சண்டை போடுவேன்.

திங்கட்கிழமை
தரகர் இரண்டு முறை அழைத்தார்.
இன்னும் காயாத உன் சட்டைக்குக்
கொடி கட்ட
ஆணி தேடிக்கொண்டிருந்தோம்.