எடை கூடிய வட்டு

பிறையில் இரவு வேலை.
கம்ப்ரசர் அடங்கிய பிறகுதான்
தராசின் நாலாம் தசமம் நடுங்காமல் நிற்கும்.
எடை போடுவதெல்லாம் அதனால்
பதினொன்றரைக்கு மேல்.

நிபோங் திபால் எண்ணெய் ஆலையிலிருந்து
போன வாரம் ஒரு திருகு வந்தது.
செம்பனையைப் பிழிந்து பிழிந்து
நாரும் மணலும் தின்றதில்
விளிம்பெல்லாம் பிறை பிறையாய்.
"ஊர்ப் பேரை எழுதியே அனுப்பியிருக்கான்"
என்று சிரித்தான் நவிந்திரன்.

தெளிப்பவன் அவன்.
இரும்பை முதலில் மணலடித்துச் சொரசொரப்பாக்கி,
ஒலியை முந்தும் தீயில்
டங்ஸ்டன் கார்பைடும் கோபால்ட்டும் கலந்த தூளை
உருகியும் உருகாமலும் அறைவான்.
விழுந்த துளி தட்டையாகி அணையும்.
அதன்மேல் இன்னொன்று,
தோசைமேல் தோசை.
காதடைப்பானைக் கழற்றிய பிறகும்
வீடு போய்ச் சேரும்வரை கத்தித்தான் பேசுவான்.

எனக்கு வருவது அதே பூச்சில் ஒரு வட்டு.
மேலே எஃகுக் குண்டு, இரண்டு கிலோ பாரம்.
ஆயிரம் மீட்டர் ஓட வேண்டும்,
நின்ற இடத்திலேயே.

இன்று வட்டு தேயவில்லை.
கூடியிருந்தது.
0.0003 கிராம்.

அசிட்டோனில் கழுவினேன், உலர்த்தினேன், வைத்தேன்.
அதே மூன்று.
"தராசைப் பாரு" என்றாள் சூ லிங், தொலைபேசியில்,
தூக்கக் குரலில்.
தராசில் குற்றமில்லை.

நுண்ணோக்கியில்தான் தெரிந்தது:
தடத்தின் மேடுகளில்
மங்கலாய் ஒரு சாம்பல் படலம்.
குண்டைக் கழற்றித் திருப்பினேன்.
அடியில் கடுகளவு தட்டை வட்டம்,
கண்ணாடியாய்.

எறும்பூரக் கல்லும் தேயும் என்கிறோம்.
எறும்பின் காலை
யாரும் தராசில் வைத்ததில்லை.

படிவத்தில் 'இழப்பு' என்று ஒரே கட்டம்.
கூடுதலுக்கு இடம் கிடையாது.
கழித்தல் குறி போட்டு எழுதினேன்:
இழப்பு −0.3 மில்லிகிராம்.
குண்டுக்குக் கட்டமே இல்லை.
அதன் எடையை ஓரத்தில், பென்சிலில்.

"தாங்குமா?" என்று கதவருகே கத்தினான் நவிந்திரன்.
"தாங்கும்!" கத்தினேன் நானும்,
கம்ப்ரசர் நின்று அரைமணி ஆகியும்.

அவன் மோட்டார் சைக்கிள் போன பிறகுதான் தோன்றியது:
அந்தத் திருகு சுழல்வது
ஓர் இரும்புக் கூண்டுக்குள்.

கூண்டுக்கு யாரும்
பூச்சு கேட்டு எழுதவில்லை.