டிஸ்சார்ஜ் விளக்கு

சொஹார் துறைமுகத்துக்குப் பின்னால், ஆலையின் சப்ஸ்டேஷன்.
ஜூலை வெள்ளி. ஷட்டவுன் என்பதால் லீவு இல்லை.
காலை ஐந்தரைக்கே கையுறைக்குள் வியர்வை குளம்.

நூற்றிருபது டன் டிரான்ஸ்ஃபார்மர்.
எல்லாக் கம்பியும் கழற்றியாகிவிட்டது,
பூட்டில் என் பெயரெழுதிய சிவப்பு அட்டை தொங்குகிறது.
நான்தான் கொடுக்கிறேன்
சின்னப் பெட்டியிலிருந்து பத்து ஆம்பியர்,
சுருளின் தடையை அளக்க.

லேசில் வாங்காது.
எண் ஏறும், தயங்கும், பிறகு கொஞ்சம் ஏறும்.
"புது மாப்பிள்ளை முறுக்கு" என்பான் அசனா லெப்பை.
இரும்புக்குள் காந்தம் நிரம்பப் பதினொரு நிமிடம்,
அதற்குள் ஒரு சுலைமானி குடித்துவிடலாம்.

பாட்டரி படுத்துக்கொண்டே சேர்த்து வைக்கும்.
கெப்பாசிட்டர் இரு தகட்டுக்கு நடுவே
மூச்சைப் பிடித்து நிற்கும்.
சுருள் அப்படியில்லை.
ஓடினால்தான் அதற்கு இருப்பு.

போன வருடம், வேறொரு ஊரில், இதே பெட்டி.
தீர்க்க பகதூர் அவசரத்தில் கிளிப்பைப் பிடுங்கினான்.
பன்னிரண்டு வோல்ட்தானே என்று.
ஒரு சாண் நீளத்துக்கு நீலமாக எழுந்தது.
நில் என்றால் நிற்காது அது,
வழியில்லையென்றால்
காற்றைக் கிழித்து வழி பண்ணிக்கொள்ளும்.
பொக்காராவிலிருந்து போட்டோ அனுப்புவான்,
நகம் முளைக்காத கட்டைவிரலை உயர்த்திக் காட்டி.

நேற்று பதினான்கு பேருக்குக் கடிதம்.
அசனா லெப்பைக்கும்.
நாளை இரவு டிக்கெட்.
பத்தொன்பது வருடம் மாதம் தவறாமல் ஓடிய பணம்:
மேலப்பாளையத்தில் பாதி எழும்பிய மாடி,
மகளின் நர்சிங் சீட்,
மைத்துனன் ஆட்டோவின் பதினெட்டாவது தவணை.
அவன் பாஸ்புக்கில் நாற்பது ரியால்.
கடிதத்தில் இரண்டு வரி. முத்திரை கோணலாக விழுந்திருந்தது.

இன்று அவன் வர வேண்டியதேயில்லை.
ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது,
என்னுடைய பழையதைப் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

ரீடிங் நிலைத்தது. எழுதிக்கொண்டேன்.
பொத்தானை அழுத்தினேன்.
சிவப்பு விளக்கு எரிய, பெட்டி முனகியது.
ஒன்பது. ஆறு. நாலே கால்.
கிளிப்பருகே அவன் கை, தொடாமல்.

"மெல்ல இறங்கட்டும்" என்றான்,
"நமக்கென்ன அவசரம்."

விளக்கு அணைந்தது.
அதன் பிறகும் முப்பது வரை எண்ணினோம்,
கையேட்டில் அப்படி எதுவும் இல்லை.
முப்பத்தொன்றில் கிளிப்பைக் கழற்றித் தோளில் போட்டான்.

"இன்னொரு ஃபேஸ் பாக்கி கிடக்கு. ஏணியைப் பிடி."