ஏழு நாற்பதுக்கு ஒரு நட்சத்திரம் போகும்

பேப்பரில் நேரம் போட்டிருந்தது.
ராத்திரி ஏழு நாற்பது,
தென்மேற்கில் ஏறி வடகிழக்கே போகும்.
லைன் இன்ஸ்பெக்டர் சவரிமுத்து
மடித்த பேப்பரை என் பலகைமேல் வைத்தார்.
"வெறும் பலூன், கனகபாய்.
அலுமினியம் பூசின சவ்வு. நூறடி அகலம்.
உள்ளே வால்வு கிடையாது, ஒயர் கிடையாது.
கீழேயிருந்து பேச்சை எறிஞ்சா
அதுமேல பட்டு இன்னொரு ஊர்ல விழும்.
அம்புட்டுதான் அதுக்குச் சோலி."

நானும் அந்தச் சோலிக்குத்தான்
மாதம் நூற்றுப் பத்து வாங்குகிறேன்
என்று சொல்லவில்லை.

திருநெல்வேலி ஜங்ஷன், டிரங்க் எக்ஸ்சேஞ்ச், மூன்றாம் பலகை.
மதுரைக்கு மேல் லைன் இரைந்தால்
ஒரு காதில் வாங்கி
அதே வாயால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
சொல்லுதாங்க: வாழைத்தார் நூத்தி இருபது ஏத்தியாச்சு.
கேக்குதாங்க: களக்காட்டு ரசகதலியா, நாடனா?
சொல்லுதாங்க: மாப்பிள்ளைக்கு அரைச் சம்மதம்.
கேக்குதாங்க: மீதி அரைக்கு என்ன வேணுமாம்?
மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?

சிரிப்பு வந்தாலும்
குரலில் ஏறக் கூடாது.
விதிப்புத்தகத்தில் அப்படி எழுதியில்லை,
சூப்பர்வைசர் அம்மாவின் கண்ணில் எழுதியிருக்கிறது.

ஏழு இருபத்தெட்டுக்கு ஓர் அர்ஜென்ட்.
திசையன்விளையில் ஒரு டாக்டர் வீட்டிலிருந்து
பம்பாய், மாதுங்கா, ஓட்டல் நம்பர்.
"ஐயாத்துரைகிட்டச் சொல்லுங்க,
தங்கச்சி செத்துப்போச்சு."
அந்த முனையில் தட்டு கழுவும் சத்தம்.
அதற்குள்ளிருந்து ஒரு பையன் கத்துகிறான்:
"ஐயாத்துரைதான் பேசுதேன். கேக்கல.
என்ன சொல்லுதாவ? நீங்க சொல்லுங்கம்மா."

சொன்னேன்:
"தங்கச்சிக்கு ரொம்ப முடியலையாம்.
ராத்திரி வண்டிக்கே புறப்படணுமாம்.
துணைக்கு ஒரு ஆளோட வரணுமாம்."

திசையன்விளையில் மூச்சு நின்றது.
என் குரல் அவர்களுக்கும் கேட்டிருக்கிறது.
ஒயரை உருவிவிடலாமா என்று கை போனது.
அப்போது அந்த ஆள், மெதுவாக,
"ஆமா. அப்படியே சொல்லுங்க" என்றார்.

மாடியில் ஐந்தாறு பேர் அண்ணாந்து நின்றார்கள்.
பியூன் மந்திரமூர்த்திதான் முதலில் பார்த்தார்.
டவுன் கோபுரத்தை ஒட்டிக் கிளம்பி,
வெள்ளியைவிடக் கொஞ்சம் மங்கலாக,
அவசரமில்லாமல், சத்தமேயில்லாமல்.
நடு வானத்தில் இரண்டு தடவை மினுங்கியது.
"காத்து எப்பவோ போயிருச்சு" என்றார் சவரிமுத்து.
"சவ்வு கசங்கியிருக்கு. கசங்கின இடத்துல பட்டா
பேச்சு நேரா விழாது. தள்ளித்தான் விழும்."

நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆற்றைத் தாண்டும்போது பூமியின் நிழல் அதை விழுங்கியது.
அங்கேதான் இருக்கும், தெரியாது, என்றார்கள்.
மாதுங்காவிலிருந்து இங்கே வர
இரண்டு ராத்திரி, ஒன்றரைப் பகல்.
அதுவரை ஒரு மூன்றாம் வகுப்புப் பெட்டியில்
அந்தப் பெண் உயிரோடு இருப்பாள்.
அது நல்லதா என்று எனக்குத் தெரியாது.
கூட வரும் ஆளுக்குத் தெரியலாம்.

கீழே வந்து டிக்கெட்டில் எழுதினேன்:
மூன்று நிமிஷம், அர்ஜென்ட், பேச்சு முடிந்தது.
பலகையில் நாலு விளக்கு காத்திருந்தது.
முதல் விளக்கு வாழைத்தார்க்காரர்.

ரசகதலிதானாம்.
சொல்லச் சொல்லுதாங்க.